மின்விசிறி புரட்டிய பக்கம்

கப்பல் படத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்பு பவித்ரா பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“குளத்தங்கரையில் ஒரு மருத மரம். மரத்தடியில் ஒரு நாரை. நாரைக்கு நல்ல பசி...”

என்ன குரல் அது! காற்புள்ளியில் சற்றே நின்று, முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்கி, நாரை பேசும் இடத்தில் நாரையாகவே மாறிவிடுவாள். ஆய்வுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கத்தில் மருத மரமும் கிடையாது, நாரையும் கிடையாது. பக்கம் முழுக்க ஒரு பாய்மரக் கப்பல்தான். ஓர் எழுத்துகூட இல்லை.

எங்கள் பள்ளியின் மின்விசிறிக்கு இரண்டே குணம். நின்றால் நின்றதுதான், சுற்றினால் சூறாவளி. அதிகாரி வியர்வையோடு வந்து உட்கார்ந்தாரே என்று அதைப் போட்டுவிட்டிருந்தேன். பவித்ரா இரண்டாவது வரியில் இருந்தபோது அது புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

நான் அதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி என் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்தது சபூரா டீச்சர் ஒருத்திதான்.

கோபிக்க மாட்டீங்கள்ல?

சித்தையன்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. மொத்தம் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை என்ற பெயரில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு நான். கீழே உள்ள மூன்று வகுப்புகளுக்கு சபூரா. அந்த ஜூனில்தான் மாறுதலாகி வந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வீடு திண்டுக்கல் நாகல் நகரில். கணவர் வீட்டாருக்குச் சின்னதாக ஒரு பிரியாணிக் கடை.

வந்த புதிதில் அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்வாள். நாற்காலி எதற்கு இருக்கிறது என்று நினைப்பேன்.

அதிகாரி பாராட்டிவிட்டுப் போன அன்று மாலை அவள் என் மேசை அருகே வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?”

இப்படித் தொடங்கிய எந்தப் பேச்சுக்கும் நான் கோபிக்காமல் இருந்ததில்லை.

“பவித்ரா படிக்கலை டீச்சர். ஒப்பிக்கிறா. பக்கம் திரும்பிருச்சு, அவ கப்பல் படத்தப் பாத்துக்கிட்டே நாரைய வாசிச்சா.”

“என் கிளாசுல நீ என்னத்தம்மா வேவு பாக்குற? ஒன் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுது, அதப் போயித் தொடை.”

அவள் போனாள். நிஜமாகவே இரண்டு பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு மறுபடியும் வந்து அதே இடத்தில் நின்றாள்.

“நாளைக்கு ஒரே ஒரு தடவ, அவ கேக்காத எதையாச்சும் படிக்கச் சொல்லிப் பாப்போம் டீச்சர். நான் சொன்னது தப்புன்னா எனக்கும் சந்தோசந்தான்.”

ஒட்டகம்

மறுநாள் காலை உணவு முடிந்து, மற்றப் பிள்ளைகள் தட்டுக் கழுவப் போன நேரத்தில் சபூரா ஒரு தாளில் மூன்று வரி எழுதினாள். ‘பவித்ரா உப்புமா சாப்பிட்டாள். உப்புமாவில் கறிவேப்பிலை இருந்தது. அதை அவள் ஓரமாக ஒதுக்கினாள்.’

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் முன்பு நடந்ததுதான்.

பவித்ரா தாளை வாங்கினாள். பார்த்தாள். தாளின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “தண்ணி குடிச்சுட்டு வாரேன் டீச்சர்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தப் பிள்ளைக்கு எப்போதும் தாகம். புதுப் பாடம் தொடங்கும்போது தாகம். கரும்பலகையில் எழுதிப்போட்டு வரிசையாகப் படிக்கச் சொன்னால், அவள் முறை வருவதற்கு இரண்டு பேர் முன்னால் தாகம். “வயித்துக்குள்ள கெணறா வெட்டி வெச்சிருக்க?” என்று வகுப்பே சிரிக்கக் கேட்டிருக்கிறேன். ஒட்டகம் என்று பெயர் வைத்ததும் நான்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று ஒன்றரை வருடமாக எனக்குத் தெரியவில்லை.

வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊரடங்கில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பில் பாதியையும் வீட்டிலேயே கழித்த பிள்ளைகளில் ஒருத்தி அவள். எழுத்து பழக வேண்டிய காலம் அப்படியே போய்விட்டது. என்னிடம் வந்தபோது அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவளும் நானேதான்.

என் வகுப்பில் எந்தப் பாடமானாலும் நான் உரக்கப் படிப்பேன், பிள்ளைகள் சேர்ந்து சொல்வார்கள். மூன்று சுற்று. தெருமுனை வரை கேட்கும். “பெரிய டீச்சர் கிளாசுன்னா கிளாசு” என்று ஊரில் பேர். பவித்ராவுக்கு மூன்றாவது சுற்றே தேவைப்படாது. இரண்டு முறை காதில் விழுந்தால் போதும், பக்கம் பக்கமாக உள்ளே போய்விடும். தமிழ்ப் பாடம், இங்கிலீஷ் பாட்டு, எல்லாமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத் தினமும் எனக்கே பரிமாறியிருக்கிறாள். நானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

நான் நன்றி சொன்ன கதை

எனக்கு மட்டுமாவது இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் படித்த காலம். ஒவ்வொருவரும் முன்னால் வந்து இரண்டு நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். எனக்கு எதைப் பற்றியும் வராது. ஆனால் விடுதியில் ஒரு சீனியர் அக்கா ஆண்டு விழாவுக்காக நன்றியுரை ஒன்றை மனப்பாடம் செய்து செய்து, அது எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மேடை ஏறினேன். வருகை தந்த சிறப்பு விருந்தினருக்கு நன்றி சொன்னேன். விருந்தினர் யாரும் இல்லை. ஒலிபெருக்கி அமைத்தவருக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கியும் இல்லை. தேநீர் வழங்கியவர்களுக்கு நன்றி சொல்லும்போது வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வரும்.

இத்தனை பட்டும், இன்னொரு ஒப்பிப்புக்காரி கண்ணெதிரே நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை பாருங்கள்.

சபூராவிடம் கேட்டேன், உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று. அவள் தன் கதையைச் சொன்னாள்.

“சின்னப் பிள்ளையில குர்ஆன் ஓதப் போவோம்ல டீச்சர், அங்க நான்தான் ரொம்ப அழகா ஓதுவேன்னு பேரு. ஒரு நாளு ஓதிக் குடுக்குற ஹஜ்ரத்து நடுவுல ஒரு எடத்துல வெரல வெச்சு, ‘இங்கருந்து ஓதும்மா’ன்னாரு. எனக்கு வரலை. மொதல்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் வரும். அழுதுட்டேன். அவரு ஒண்ணுஞ் சொல்லலை. மறுநாளு என்னைய மட்டும் செத்த நேரம் முன்னாடியே வரச் சொல்லி, திரும்ப எழுத்துல இருந்து ஆரம்பிச்சாரு. யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பஞ்சவர்ணத்திடம் சொன்ன நாள்

அப்போது கார்த்திகை மாதம். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் பவித்ரா எங்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளி. அங்கே ஒரு வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். அ, ஆ சொல்லிக் கொடுக்க அங்கே யாருக்கு நேரம்? இந்த ஐந்து மாதத்தில் படிக்கக் கற்றுக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தே காலம் தள்ள வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு அவள் அம்மா பஞ்சவர்ணம் இன்னொரு முடிவில் இருந்தாள். மகள் இங்கிலீஷ் பாட்டெல்லாம் கடகடவென்று சொல்கிறாளே, ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிடலாம் என்று. ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாள்.

பஞ்சவர்ணம் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுக்கப் போகிறவள். பள்ளிக்கு வரும்போதும் அவளோடு அந்த வாசனை வரும். வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று சபூராவும் நானும் பேசிவைத்திருந்தோம். பிள்ளை பொய் சொன்னதாக அம்மா நினைத்துவிடக் கூடாது. அடி விழக் கூடாது. சபூரா பக்குவமாகத் தொடங்கினாள்.

“ஒங்க பிள்ளைக்குக் காது இருக்கே, அது தங்கம். கண்ணுக்குத்தான் கொஞ்சம் வேலை குடுக்கணும்...”

பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. “படிக்கத் தெரியாதுங்கிறீங்களா? இம்புட்டு நாளும் என்னைய ஏமாத்தினாளா?”

நாங்கள் பேசிவைத்தது எல்லாம் எனக்கு மறந்துபோனது. “அவ ஏமாத்தலம்மா. நான்தான் கவனிக்கலை. தப்பு என்னோடது” என்றேன்.

இருபத்தைந்து வருட வேலையில் ஒரு தாயிடம் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. வாய் உலர்ந்துவிட்டது. பவித்ராவின் தாகம் எப்படியிருக்கும் என்று அப்போது தெரிந்தது.

பஞ்சவர்ணம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கும் எழுத்துத் தெரியாது டீச்சர். பஸ்ஸுல போர்டு பாத்து ஏற மாட்டேன். கண்டக்டர் கத்துறதக் கேட்டுத்தான் ஏறுவேன். யாருக்கும் தெரியாது. அவ என்னையக் கொண்டு பொறந்திருக்கா.”

போகும்போது திரும்பி, “அவளத் திட்ட மாட்டேன்” என்றாள்.

அன்று மதியமே செல்போனை எடுத்து, கல்வித் துறைச் செயலியில் பவித்ரா பெயருக்கு நேரே ‘சரளமாகப் படிக்கிறாள்’ என்று நான் போட்டிருந்த குறியை எடுத்துவிட்டேன்.

பிரியாணி டப்பா

மறுநாளிலிருந்து சபூரா பவித்ராவுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நான்கு இருபது பஸ்ஸை விட்டாள். அடுத்த பஸ் ஐந்தேகாலுக்கு. வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்க, ஐந்து மாதம் அப்படி விட்டாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார வைத்தால் ஊரே பார்க்கும். அதனால் புத்தகமே எடுக்கவில்லை. “ஒங்க தோட்டத்துல என்ன நடந்துச்சு, சொல்லு” என்பாள். பவித்ரா சொல்லச் சொல்ல சபூரா எழுதுவாள். கீரி வந்தது, மோட்டார் ரூமில் தேள் இருந்தது, அம்மாவின் செருப்பு சேற்றில் போய்விட்டது. அவள் பேச்சே அவளுக்குப் பாடம்.

ஆனால் தான் சொன்னது தனக்கு மறக்குமா? மறுபடியும் ஒப்பிப்பு. உடனே சபூரா அந்த வரிகளைச் சொல் சொல்லாகக் கத்தரித்து, கடையிலிருந்து கொண்டுவந்த பிரியாணி டப்பாவில் போட்டு மூடிக் குலுக்கினாள்.

“காது செத்த நேரம் தூங்கட்டும். கண்ணு வேலை பாக்கட்டும். ஒண்ணொண்ணா எடு.”

ஒரு வாரத்தில் பவித்ரா எல்லாச் சீட்டையும் படித்தாள். எனக்கு வாயெல்லாம் பல். சபூரா மட்டும் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த மசாலாக் கறை சில சீட்டுகளில் இறங்கியிருந்தது. மஞ்சள் கறை இருந்தால் கீரி. மூலை மடிந்திருந்தால் செருப்பு. பிள்ளை அதையும் மனப்பாடம் செய்துவிட்டிருந்தாள்!

நானாக இருந்தால் அன்று இரண்டு போட்டிருப்பேன். சபூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இம்புட்டு மூளைய வெச்சுக்கிட்டு எழுத்துக்குப் போயி ஏன்டி பயப்படுற?” என்றாள். பவித்ரா முதலில் முழித்தாள், பிறகு அவளும் சிரித்தாள். அதன் பிறகு தினமும் புதுத் தாளில் புதிதாக எழுதிக் கத்தரித்தாள் சபூரா. பஸ்ஸில் வரும்போதே மடியில் வைத்துக் கத்தரிப்பாளாம். மடியெல்லாம் தாள் குப்பை.

இங்கிலீஷையும் அவள் பாட்டிலிருந்து தொடங்கவில்லை. “பாட்டு இருக்கட்டும் டீச்சர். இவ வாயிலயே எம்புட்டு இங்கிலீஷு கெடக்கு” என்று பஸ், பேக், பம்ப், பாக்ஸ், டீ என்று எழுதிப்போட்டாள். தோட்டத்துக்கும் கடைக்கும் நடுவே தினமும் புழங்குகிற வார்த்தைகள்.

“இதெல்லாம் இங்கிலீஷா டீச்சர்? நான் தமிழுன்னுல நெனச்சேன்” என்றாள் பவித்ரா. தெரியாத பாஷை என்று அஞ்சியது பாதி தெரிந்த பாஷையாகிவிட்டதில் அவளுக்கு ஒரே குஷி.

இதற்கெல்லாம் நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மூன்று சுற்றுக் கத்தலை நிறுத்தினேன். தண்ணீர்ப் பானையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தேன். ஒட்டகம் என்று யார் சொன்னாலும் முறைத்தேன்.

சிரிப்பை ஒப்பிக்க முடியாது

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம். நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். சபூரா ஒரு தாளை நீட்டினாள். பவித்ரா விரல் வைத்து, எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றையும் தள்ளுவண்டி தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு போனாள்.

“பெ... ரி... ய. பெரிய. டீ... ச்... டீச்சர். ம... தி... மதியம். கு... ற... ட்...”

நின்றாள். மறுபடி பார்த்தாள். திடீரென்று வெடித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘பெரிய டீச்சர் மதியம் குறட்டை விடுவார்.’

சாப்பிட்டபின் பத்து நிமிடம் நான் கண்ணயர்வது உண்மைதான். குறட்டை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. படித்தால்தான் வரும். சபூரா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். “நாளைக்கு ஒன்னயப் பத்தி நான் எழுதுறேன் இரு” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த மாதம் பஞ்சவர்ணம் பூக்கூடையோடு ஓடி வந்தாள். தாடிக்கொம்பு கோவிலுக்குப் போக மகளோடு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறாள். வந்த பஸ்ஸில் எல்லாரும் ஏற, இவளும் காலை வைத்திருக்கிறாள்.

“சேலையப் புடிச்சு இழுத்துட்டா டீச்சர். ‘ஏம்மா, இது நத்தம் வண்டி, ஏறாத’ங்கிறா. கண்டக்டர் இன்னும் வாயே தெறக்கலை!”

கொஞ்சம் மல்லிகையைக் கிள்ளி சபூராவிடம் நீட்டினாள். பிறகு, “இங்கிலீஷு மீடியம் இப்ப வேணாம் டீச்சர். தமிழுலயே போகட்டும். அங்க போயி அவளே முடிவு பண்ணிக்குவா” என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் வருத்தம் இல்லை.

மறுபடியும் அதே நாற்காலி

பங்குனி வெயிலில் அதே அதிகாரி மறுபடியும் வந்தார். வியர்வை வழிய அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லை, மின்விசிறியைப் போட்டேன்.

“அன்னைக்குப் படிச்சாளே ஒரு பொண்ணு, பவித்ரா. அவளப் படிக்கச் சொல்லுங்க” என்றார். எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு கதைப் புத்தகத்தைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் சபூரா நின்றாள். அவள் கையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. புத்தகத்தை மட்டும் பார்த்தேன்.

பவித்ரா விரலை வைத்தாள். குரலில் பழைய ஏற்ற இறக்கம் இல்லை. நாரையாக மாறவில்லை. ஒரு சொல், ஒரு இடைவெளி, அடுத்த சொல். மூன்றாவது வரியில் சூறாவளி வந்து பக்கத்தைப் புரட்டியது.

பவித்ரா நின்றுவிட்டாள்.

சொல்லின் பாதியில் நின்றாள். பக்கத்தைத் திருப்பினாள், உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், வரியைத் தேடினாள். முதலிலிருந்து தொடங்கவில்லை. விட்ட சொல்லை, விட்ட எழுத்திலிருந்து எடுத்தாள். நான் வாசலைப் பார்த்தேன். சபூரா அந்தச் சின்னப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தை அதன் தோளில் புதைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் முடிந்தது. அதிகாரி என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“என்ன டீச்சர், போன தடவ தண்ணி பட்ட பாடா வாசிச்சாளே. இப்ப இப்பிடித் தடுமாறுறா?”

“போன தடவ அவ படிக்கலை சார்,” என்றேன். “இப்பத்தான் படிக்கிறா.”

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

பவித்ரா புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு காய்ந்திருந்தது.

“டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வாரேன்” என்றாள்.

“குடிச்சுட்டு வா தாயி,” என்றேன்.